சரியா என்று சொல்ல வேண்டியது பிள்ளைதான்

கணக்கு என்றால் வேகம். வேகம் வேண்டுமானால் பயிற்சி. பயிற்சி என்றால் ஒரே மாதிரிக் கணக்கைப் பக்கம் பக்கமாகப் போடுவது. அப்படிப் போட்டுப் பழகிய பிள்ளைக்குத் தன்னம்பிக்கை தானாக வந்துவிடும். தொடக்கப் பள்ளிக் கணிதத்தைப் பற்றி நம் ஊரில் நிலவும் எண்ணத்தை இந்த நான்கு வரிகளில் அடக்கிவிடலாம். டியூஷன் அக்கா நிமிடத்துக்கு எத்தனை கணக்கு என்று எண்ணுவதும், அபாகஸ் மையங்கள் கோப்பையோடு நிற்கும் சிறுவர்களின் படத்தைத் தட்டியில் போடுவதும், பதினாறாம் வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பேத்தியை விருந்தாளிகள் முன் தாத்தா நிறுத்துவதும் இந்த நம்பிக்கையில்தான்.

இவர்கள் எல்லோரும் பிள்ளைகளின் நன்மையைத்தான் நினைக்கிறார்கள். ஆனாலும் அந்த எண்ணம் தவறானது. கணக்கில் கெட்டிக்காரராக வந்திருக்க வேண்டிய பல பிள்ளைகளை எட்டு வயதிலேயே "எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லவைப்பதும் அதுதான். எட்டு வயதில் எடுத்த அந்த முடிவைப் பலர் அறுபது வயதிலும் மாற்றிக்கொள்வதில்லை. ஆகவே இதை நாசூக்காகச் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை.

ஒரு பிள்ளைக்குக் கணக்கில் தன்னம்பிக்கை வந்துவிட்டது என்பதற்கு ஒரே ஓர் அடையாளம்தான் உண்டு. விடையை எழுதியபின் டீச்சர் முகத்தைப் பார்க்காமல், அது சரியா தவறா என்று தானே சொல்லத் தெரிய வேண்டும். ஏன் சரி என்றும் சொல்லத் தெரிய வேண்டும். வேகமோ, மதிப்பெண்ணோ, கைதட்டலோ இதற்கு ஈடாகாது. நாம் தரும் பயிற்சி இந்தத் திறனை வளர்க்கிறதா என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் வளர்ப்பதில்லை என்பதே என் வாதம்.

ஒரு கணக்கை அருகில் வைத்துப் பார்ப்போம். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கட்டம் போட்ட நோட்டில் 52-இலிருந்து 27-ஐக் கழிக்கிறாள். விடை 35 என்று எழுதுகிறாள். எப்படி வந்தது? ஒன்றுகள் இடத்தில் மேலே 2, கீழே 7. ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 5 என்று எழுதினாள். பத்துகள் இடத்தில் ஐந்திலிருந்து இரண்டைக் கழித்து 3 என்று எழுதினாள். "பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்கணும்" என்று யாரோ முன்பு சொல்லித்தந்ததை அவள் ஒவ்வோர் இடத்திலும் பிசகாமல் பின்பற்றியிருக்கிறாள். இதில் கவனக்குறைவு எதுவும் இல்லை. அவளிடம் ஒரு விதி இருக்கிறது. விதிதான் தவறு.

அமெரிக்காவில் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள், பிள்ளைகள் கழித்தலில் செய்யும் பிழைகளை ஆராய்ந்து 1978-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்தப் பிழைகளில் பல, குருட்டாம்போக்கில் நேர்பவை அல்ல, ஒழுங்கான தவறான விதிகளிலிருந்து பிறப்பவை என்று அவர்கள் காட்டினார்கள். எந்த விதி என்று தெரிந்துவிட்டால், அடுத்த கணக்கில் அந்தப் பிள்ளை என்ன தவறான விடை எழுதும் என்பதைக்கூட முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

இப்போது நம் வழக்கத்தைப் பாருங்கள். 35-இன் மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி விழுகிறது. "கவனமாப் போடு" என்று ஓர் அறிவுரை. கூடவே இதே மாதிரி இருபது கணக்கு வீட்டுப்பாடம். கடன் வாங்கிக் கழிக்க வேண்டிய ஒவ்வொரு கணக்கையும் அவள் அதே விதிப்படிதான் போடுவாள். பயிற்சி நடந்திருக்கிறது, தவறான விதிக்கு. மறுநாள் நோட்டு முழுக்கச் சிவப்புக் குறிகள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம், சொன்னபடி செய்தும் தப்பாகிறது என்பதுதான். காரணம் தெரியாத தோல்வி எந்தப் பிள்ளையையும் ஒரே முடிவுக்குத்தான் கொண்டுபோகும்: எனக்கு இது வராது.

அதே சிறுமியிடம் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைக் கொடுங்கள். ஐந்து கட்டும் இரண்டு உதிரியும். அதிலிருந்து 27 எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு கட்டை எளிதாக எடுத்துவிடுவாள். ஏழு உதிரி எடுக்க வரும்போது கையில் இரண்டுதான் இருக்கும். கொஞ்சம் பொறுத்தால், கட்டைப் பிரிக்கலாமா என்று அவளே கேட்பாள். பிரித்தால் பன்னிரண்டு உதிரி. ஏழு போனால் ஐந்து. கட்டு இரண்டு மிச்சம். 25. பிறகு நோட்டில் அவள் எழுதிய 35-ஐக் காட்டி, "இது மிச்சம்னா, எடுத்த 27-ஐத் திருப்பிச் சேர்த்தா 52 வரணுமே, வருதா?" என்று கேளுங்கள். கூட்டுவாள். 62 வரும். தவறை யாரும் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை, அவள் கண்டுகொள்வாள். இன்னொரு வழியும் உண்டு. 52-இலிருந்து வெறும் 20 போனாலே மிச்சம் 32 தானே, 27 போனபின் 35 எப்படி மிஞ்சும்? இப்படிக் கேட்டுப் பழகிய பிள்ளைக்குச் சிவப்பு மையின் தேவை குறைந்துகொண்டே போகும். தீர்ப்பு சொல்லும் அதிகாரம் டீச்சர் கையிலிருந்து அவள் கைக்கு மாறுகிறது. தன்னம்பிக்கை என்று நான் சொல்வது இந்த அதிகாரத்தைத்தான்.

"அதெல்லாம் சரி, நிறையப் போட்டுப் பழகினால்தானே கை வரும்?" என்பார்கள். பழக வேண்டும், மறுக்கவில்லை. எப்படிப் பழகுவது என்பதில்தான் நாம் கோட்டைவிடுகிறோம். நம் பயிற்சிப் புத்தகங்களில் ஒரு பக்கம் முழுக்கக் கூட்டல், அடுத்த பக்கம் முழுக்கக் கழித்தல். பக்கத்தின் தலைப்பைப் பார்த்தாலே என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும். கணக்கைப் படிக்கவே தேவையில்லை. டக் ரோரர், கெல்லி டெய்லர் என்ற உளவியலாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரே வகைக் கணக்குகளை அடுத்தடுத்துப் போட்டார்கள், மற்றவர்கள் பல வகைகளைக் கலந்து போட்டார்கள். பயிற்சியின்போது முதல் அணி 89 சதவீதமும் இரண்டாம் அணி 60 சதவீதமும் சரியாகச் செய்தன. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ முதல் அணி 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. கலந்து போட்டவர்கள் 63 சதவீதத்தில் நின்றார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பின்னர் செய்த ஆய்விலும் கலந்து பழகியவர்களே முந்தினார்கள். நோட்டில் வரிசையாக விழும் "சரி" குறிகளைப் பார்த்து மகிழும் பெற்றோர் இதை யோசிக்க வேண்டும். அந்த மகிழ்ச்சி ஒரு வாரம்கூடத் தாங்காமல் போகலாம்.

அடுத்தது வேகம். கடிகாரத்தை வைத்துக் கணக்குப் போடச் சொன்னால் பிள்ளை சுறுசுறுப்பாகிவிடும் என்கிறார்கள். மனக்கணக்குப் போடும்போது இடையில் வரும் எண்களை மனம் சற்று நேரம் பிடித்துவைத்திருக்க வேண்டும். அந்த இடம் எல்லோருக்கும் சிறியது, குழந்தைகளுக்கு இன்னும் சிறியது. பயம் வந்தால் அது அந்த இடத்தில்தான் போய் உட்காரும். மார்க் ஆஷ்கிராஃப்ட், எலிசபெத் கிர்க் இருவரும் 2001-இல் காட்டியது இதைத்தான்: கணக்குப் பயம் உள்ளவர்கள் கணக்குப் போடும்போது அவர்களுடைய செயல்நினைவு சுருங்கிவிடுகிறது. வீட்டில் நிதானமாகச் சரியாகச் சொன்ன பிள்ளை வகுப்பில் மணி ஓடும்போது திணறுவதற்கு இதுவே காரணம். நாமோ "வீட்ல நல்லாத்தான் சொன்னான், அங்க போய் மறந்துட்டான்" என்று அவனையே குறை சொல்கிறோம். மறதி அவனுடையது. அதை வரவழைத்த சூழல் நாம் உண்டாக்கியது.

வேகமும் கணித அறிவும் ஒன்றல்ல. 1950-இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற பிரெஞ்சுக் கணிதர் லோரான் ஷ்வார்ட்ஸ், பள்ளியில் தான் மெதுவானவனாக இருந்ததால் தன்னை அறிவில் குறைந்தவன் என்றே எண்ணியிருந்ததைத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். 2014-இல் அதே பதக்கத்தைப் பெற்ற முதல் பெண் மரியம் மிர்சாகானியும் தன்னை மெதுவாகச் சிந்திப்பவர் என்றே சொல்லிக்கொண்டார். டெஹ்ரானில் நடுநிலைப் பள்ளியில் படித்தபோது, ஓர் ஆசிரியர் அவருக்குக் கணக்குத் திறமை இல்லை என்று கருதியதால் ஓராண்டு முழுக்க அவர் கணக்கில் பின்தங்கினார். அடுத்த ஆண்டு ஊக்கப்படுத்தும் ஆசிரியர் வாய்த்ததும் நிலைமை மாறியது. அந்த அடுத்த ஆண்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பதில்லை.

அபாகஸ் வகுப்புக்கு வருவோம். மணிகளை நகர்த்திக் கணக்குப் போடுவதில் தீங்கு எதுவும் இல்லை. "மூளை வளர்ச்சி", "நினைவாற்றல்", "கவனக் குவிப்பு" என்று சேர்த்து விற்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். குஜராத்தின் வதோதராவில் 204 தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மூன்று ஆண்டுகள் மன அபாகஸ் பயிற்சி தந்து டேவிட் பார்னர் குழுவினர் ஆராய்ந்தார்கள். 2016-இல் முடிவு வெளியானது. கூட்டல் கழித்தலில் முன்னேற்றம் தெரிந்தது. அதுவும் தொடக்கத்திலேயே இடம்சார் நினைவில் வலுவாக இருந்த பிள்ளைகளிடம்தான் நன்றாகத் தெரிந்தது. நினைவாற்றல் போன்ற பொதுவான அறிவுத்திறன்கள் எதையும் அந்தப் பயிற்சி மாற்றவில்லை. மாதக் கட்டணத்தை மிச்சம் பிடித்துக் கட்டும் பெற்றோருக்கு இதை யாராவது சொல்ல வேண்டாமா?

கணக்கு வராத பிள்ளை என்று ஒரு வகை இருப்பதாக நம்புவோர் பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களைப் பார்க்க வேண்டும். டெரெசின்யா நூனெஸ், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் ஆகியோர் அங்கே தெருவில் விற்பனை செய்த ஐந்து சிறுவர் சிறுமியரின் கணக்கை ஆராய்ந்து 1985-இல் வெளியிட்டார்கள். ஒரு தேங்காய் 35 குருசெய்ரோ என்றால் நான்கின் விலை என்ன என்று வாடிக்கையாளரைப் போலக் கேட்டபோது, பன்னிரண்டு வயதுச் சிறுவன் மூன்றின் விலை 105 என்று வைத்து, அதோடு முதலில் 30, பிறகு மிச்சம் என்று சேர்த்து 140 என்று சரியாகச் சொன்னான். பிறகு அதே பெருக்கலைத் தாளில் எழுதிக் கொடுத்தபோது 200 என்று எழுதினான். நாலஞ்சு இருபது, இரண்டு மிச்சம் என்று தொடங்கியவன், பெருக்கும் முன்பே அந்த இரண்டை மூன்றோடு கூட்டிவிட்டான். ஒட்டுமொத்தமாக அந்தப் பிள்ளைகள் விற்கும்போது 98 சதவீதமும், வெறும் எண்களாகத் தாளில் தந்தபோது 37 சதவீதமும் சரியாகச் செய்தார்கள். தேங்காய் விற்கும்போது 200 என்ற விடையை அவன் ஒருபோதும் ஏற்றிருக்கமாட்டான். தாளில் ஏற்றுக்கொண்டான். அங்கே அந்த எண்களுக்கு அவனைப் பொறுத்தவரை பொருளே இல்லை, ஆகவே சரிபார்க்கவும் வழியில்லை.

நம் நாட்டிலும் இதே கதைதான். டெல்லி, கொல்கத்தா சந்தைகளில் வேலைசெய்யும் 1,436 பிள்ளைகளைப் பற்றி அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி உள்ளிட்டோர் செய்த ஆய்வு 2025-இல் நேச்சர் இதழில் வந்தது. சந்தையில் சிக்கலான விலைக் கணக்குகளை மனத்திலேயே போட்ட பிள்ளைகள், பாடநூல் வடிவில் எளிய கணக்குகளைத் தந்தபோது திணறினார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகள் பாடநூல் கணக்கைப் போட்டார்கள், சந்தைக் கணக்கில் திணறினார்கள். குச்சியும் புளியங்கொட்டையும் கொடுத்தால் மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. கையில் இருக்கும் பொருளுக்கும் தாளில் எழுதும் எண்ணுக்கும் இடையே பாலம் போடுவதுதான் ஆசிரியரின் வேலை. குச்சிக் கட்டைப் பிரித்த அதே நேரத்தில், நோட்டில் 5-ஐ அடித்து 4 என்று எழுதி, 2-ஐ 12 ஆக்குவது இந்தப் பிரித்தல்தான் என்று பிள்ளை சொல்ல வேண்டும். சொல்லாதவரை வேலை பாதியில் நிற்கிறது.

"நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் எல்லாவற்றையும் ஒப்பித்துத்தானே பெரிய கணக்கர்களானார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒப்பித்தார்கள் என்பது உண்மை. எதை ஒப்பித்தார்கள், எதற்காக என்று பார்க்க வேண்டும். எண்சுவடியில் நெல்லிலக்கம் தானியம் அளப்பதற்கு. குழிமாத்து நிலப்பரப்பைக் கணக்கிடுவதற்கு. முந்திரி, காணி, மா, வீசம், கால், அரை என்று வரும் பின்னங்கள் வரியிலும் கூலியிலும் அன்றாடம் புழங்கியவை. படித்த பிள்ளை வெளியே வந்தால் களத்து மேட்டிலும் கடையிலும் அதே எண்களைப் பார்த்தான். திண்ணைப் பள்ளிக் கணிதத்தை விரிவாக ஆராய்ந்த செந்தில் பாபு, அங்கே நினைவு என்பது கற்றலின் வழிமுறையாகவே இருந்ததென்று வாதிடுகிறார். பொருளிலிருந்து பிரிந்த வெற்று ஒப்பித்தலோடு அதைக் குழப்பக்கூடாது. முன்னோரைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் அவர்கள் சாட்சி வெற்று ஒப்பித்தலின் பக்கம் வராது. வாய்ப்பாடு மனத்தில் நிற்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று சட்டென வரும் பிள்ளைக்குப் பெரிய கணக்கில் மனம் சுமையின்றி இயங்கும். ஆனால் மறந்துவிட்டால் ஏழேழு நாற்பத்தொன்பதிலிருந்து ஏழைக் கூட்டி அங்கே வந்துசேரவும் அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். வழி தெரிந்தவளுக்கு மறதி ஒரு தாமதம் மட்டுமே. தெரியாதவளுக்கோ அது இம்போசிஷனில் போய் முடிகிறது.

வேறொரு கூட்டம் இதற்கு நேர்மாறாகப் பேசுகிறது. பிள்ளைகளைத் திருத்தாதீர்கள், எதைச் செய்தாலும் "சூப்பர்" என்று சொல்லுங்கள், தன்னம்பிக்கை வளரும் என்கிறார்கள். இதுவும் தீர்ப்பைப் பிள்ளையிடம் தரவில்லை. திட்டுபவர் இருந்த இடத்தில் புகழ்பவர் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். பிள்ளை இன்னும் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. தான் போட்ட கணக்கு தவறு என்று உள்ளுக்குள் தெரிந்த பிள்ளைக்குப் பொய்ப் பாராட்டு அவமானமாகவும் படும்.

வீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமக்கே கணக்கென்றால் பயம் உள்ள பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவியபோது, பிள்ளைகள் அந்த ஆண்டில் குறைவாகக் கற்றார்கள், அவர்களுக்கும் பயம் கூடியது என்று எரின் மலோனி குழுவினர் 2015-இல் கண்டறிந்தார்கள். அமெரிக்காவில் முதல், இரண்டாம் வகுப்பு ஆசிரியைகளின் கணக்குப் பயம், ஆண்டு இறுதிக்குள் சிறுமிகளிடம் "பசங்களுக்குத்தான் கணக்கு வரும்" என்ற எண்ணமாகவும் குறைந்த மதிப்பெண்ணாகவும் வெளிப்பட்டதை ஷான் பைலாக் குழுவினர் 2010-இல் காட்டினார்கள். ராத்திரி எட்டு மணிக்குக் கோபத்தோடு சொல்லித்தரும் அப்பாவைவிட, கடைக்குக் கூட்டிப்போய் "நூறு ரூபாய் கொடுத்தோம், மிச்சம் எவ்வளவு வரணும்?" என்று கேட்டு, பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருக்கும் அப்பா அதிக உதவி செய்கிறார். "அம்மாவுக்கும் கணக்கு வராதும்மா" என்று பிள்ளை காதுபடச் சொல்வதை இன்றோடு நிறுத்த வேண்டும். ஆறுதலாகச் சொன்னாலும் அது பரம்பரைச் சொத்தாகத்தான் போய்ச் சேருகிறது.

போட்டித் தேர்வு வாதம் பலமானதாகத் தோன்றும். நாளை நீட், ஜேஇஇ என்று வரும்போது வேகம் இல்லாமல் எப்படி? அந்தத் தேர்வுகள் பதினேழு வயதில் வருகின்றன. ஏழு வயதில் இடமதிப்பு புரியாத பிள்ளைக்குப் பதினேழில் வேகம் வராது. புரிந்த பிள்ளைக்கு, கலந்த பயிற்சியின் விளைவாக வேகம் கூடவே வரும். அடித்தளம் எவ்வளவு ஆட்டம் கண்டிருக்கிறது என்பதற்கு, ஊரகப் பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் அசர் அறிக்கையே சான்று. 2024-இல் இந்திய ஊரகப் பகுதிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் கடன் வாங்கிக் கழிக்கத் தெரிந்தவர்கள் 33.7 சதவீதம். ஐந்தாம் வகுப்பில் மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் 30.7 சதவீதம். இந்தப் பிள்ளைகளிடம் போய் வேகத்தைக் கேட்பது நியாயமே அல்ல.

"வகுப்பில் நாற்பது பேர். பாடம் முடிக்க வேண்டும். ஒவ்வொருவர் விதியையும் எப்போது கேட்பது?" என்று ஆசிரியர்கள் கேட்கும்போது மட்டும் நான் குரலைத் தாழ்த்துகிறேன். அது உண்மையான சிரமம். ஆனால் வழிகள் உண்டு, அவை நமக்குப் புதியவையும் அல்ல. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலும், 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவரவர் நிலையில் வைத்துக் கற்பிப்பதும் இந்தத் திசையில் எடுத்த அடிகள்தாம். தரையில் உட்கார்ந்து மணிகளை எண்ணும் பிள்ளைகளைப் பார்த்து "இங்க பாடமே நடத்தறதில்ல, விளையாட்டுதான்" என்று டிசி கேட்கும் பெற்றோர் தடுப்பது தம் பிள்ளையின் கற்றலையே. நாற்பது பேரிலும் செய்யக்கூடியவை உண்டு. இருபது கணக்குக்குப் பதில் ஆறு தரலாம், அவற்றில் பழைய பாடங்களின் கணக்கும் கலந்திருக்கட்டும். ஒவ்வொரு விடைக்கும் கீழே சரிபார்த்த வழியையும் எழுதச் சொல்லலாம். ஒரு தவறான விடையைப் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதி, இவர் எப்படி யோசித்திருப்பார் என்று வகுப்பைக் கேட்கலாம். இருவர் இருவராக உட்காரவைத்து ஒருவர் போட்டதை மற்றவர் சோதிக்கச் சொல்லலாம். இதற்கெல்லாம் ஆகும் செலவு சில கட்டுக் குச்சிகள்தான்.

தேசியக் கலைத்திட்டச் சட்டகத்துக்காகச் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இரா. ராமானுஜம் தலைமையிலான குழு 2006-இல் வெளியிட்ட அறிக்கை, கணிதக் கல்வியின் தலையாய சிக்கலாகப் பிள்ளைகளின் அச்சத்தையும் தோல்வி உணர்வையும் குறித்தது. பிள்ளையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே நோக்கம் என்றும் சொன்னது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் நிமிடத்துக்கு எத்தனை கணக்கு என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே என் கோரிக்கைகள் வெளிப்படையானவை. மூன்றாம் வகுப்புவரை கடிகாரம் வைத்துக் கணக்குத் தேர்வு நடத்துவதைப் பள்ளிகள் கைவிட வேண்டும். வாய்ப்பாட்டைத் தண்டனையாக எழுதவைப்பது நிற்க வேண்டும். பெற்றோர், நோட்டில் எத்தனை பக்கம் நிரம்பியது என்று கேட்பதை விட்டு, ஒரே ஒரு கணக்கைக் காட்டி "இது சரின்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்க வேண்டும். முதலில் பிள்ளை விழிக்கும், யாரும் கேட்டிராத கேள்வி அது. தொடர்ந்து கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பழகிய பிள்ளையை எந்தக் கடிகாரமும் எந்தச் சிவப்பு மையும் பயமுறுத்த முடியாது.